நான் விரட்டிய ஒப்பாரி

கேத்தல் சுட்டதை எனக்குச் சொன்னது என் மகள்தான்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரம். அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினேன். துணி சுற்றிப் பிடிக்க மறந்துவிட்டு வெறும் கையால் இரும்புப் பிடியைப் பற்றியிருக்கிறேன். அவசரப்படாமல் அதைத் தரையில் வைத்தேன். சீனிப் போத்தலை எடுக்கத் திரும்பினேன். "அம்மா, கை," என்றாள் கெசியா. பார்த்தால் உள்ளங்கைத் தோல் சுருண்டு பிடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தவள் கையைப் பார்ப்பதைப் போலத்தான் நானும் பார்த்தேன். பிள்ளைதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும்போது அவள் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டவருக்குள் எனக்கு உறவான உங்களுக்கு இதை எழுதித் தரச் சொல்லிப் பாஸ்டரம்மா கேட்டார்கள். சாட்சி என்றால் நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சத்தமாக, தடுமாறாமல், கேட்கிறவர்கள் அழும்படி சொல்லியிருக்கிறேன். இது அந்த மாதிரி வராது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். எனக்குக் கல்யாணமானபோது நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். கெசியா பிறக்கும் முன்னால்தான் நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் ஞானஸ்நானம் எடுத்தோம். என் அம்மாவும் சொந்தக்காரர்களும் இன்றைக்கும் கோயிலுக்குத்தான் போகிறார்கள். அதனால் எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு அவர்கள் பலகாரம் கொடுப்பார்கள், நத்தார்ப் பண்டிகைக்கு நான் கொடுப்பேன்.

ஒரு வருஷம் மழையில் எங்கள் மலை சரிந்து இறங்கியது. எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்க் கான் அடைத்துக்கொண்டு, தண்ணீர் நாங்கள் இருந்த காம்பராவுக்குள் வந்தது. நன்றாக விடிந்த நேரம். "வெட்டி விட்டுட்டு வாரேன், ரொட்டியச் சுடு," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு என் வீட்டுக்காரர் பின்பக்கம் போனார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். லொறி ஒன்று ரிவர்ஸில் வருகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். எங்கள் சுவர் நின்றது. அவர் நின்ற இடம் இல்லை.

மண்ணிலிருந்து எடுத்து, கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடத்தினார்கள். என் அம்மாவும் சின்னம்மாமாரும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் ஒப்பாரிதான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, செத்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடுவார்கள். அது தெரியாமல் இங்கே யாரும் வளர்வதில்லை. ஆனால் எங்கள் சபையில் அது கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் அப்படி அழுவார்கள், நமக்குப் பாட்டு இருக்கிறது என்பார்கள். அம்மா வாயைத் திறக்கும் முன்னால் நானே போய் அவர் கையைப் பிடித்தேன். "ஒப்பாரி வேணாம்மா. அவரு ஆண்டவர்கிட்டப் போயிருக்காரு," என்றேன். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சபையார் பாடினார்கள். நானும் சேர்ந்து பாடினேன். ஒரு வரி பிசகவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் சபையில் சாட்சி சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். "எஸ்தருக்கு என்னா விசுவாசம்," என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணில் ஒரு சொட்டு வராததை ஆண்டவர் தந்த பலம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கை மரக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் வலது கையின் விரல் நுனிகள். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கண் விரல் நுனியில்தான் இருக்கிறது. இளசு எது, முற்றல் எது என்று தொட்டவுடனே தெரியவேண்டும். எனக்குத் தெரியவில்லை. கை பழக்கத்தில் தானாகப் பறித்துக்கொண்டு போகும். மடுவத்தில் நிறுக்கும்போது பார்த்தால் பாதிக்கு மேல் முற்றிய இலை. கங்காணி ஏசினார். அவர் வாய் அசைவது தெரிந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டேன். மழையில் நனைந்தால் நனைந்தபடி உட்கார்ந்தேன். ஜெபம் மட்டும் நிற்கவே இல்லை. அதுவும் கை கொழுந்து பறிப்பதைப் போலத்தான், வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது.

கேத்தல் சுட்ட பிறகு சபையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தோம். கைக்காகத்தான் ஜெபித்தேன். கை குணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். புண் ஆறியது. மரப்பு மணிக்கட்டு வரை ஏறியது.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் ஷீலா ஹாலிஎலயிலிருந்து வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பிள்ளை இல்லை. நல்லவள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கெசியாவின் சிக்குப் பிடித்த தலையைப் பார்த்தாள். "அண்ணி, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. இங்க மலையும் நம்ப முடியாது," என்றாள். சரி என்றேன். பக்கத்து வீட்டுக்காரி சுளகு கேட்டால் எடுத்துக்கொள் என்று சொல்வோமே, அப்படிச் சொன்னேன்.

பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற பிள்ளை என்னைக் கேட்டாள். "நான் போறது ஒங்களுக்குக் கவலையா இல்லையாம்மா?"

நான் உள்ளே தேடிப் பார்த்தேன். பொய் சொல்லக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்லாப் படி," என்றேன். அவள் பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நான் மடுவத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு பயம் மட்டும் வந்தது. அதுகூட எங்கேயோ தூரத்தில் இருந்து வந்த மாதிரி. இப்படியே போனால் என் பிள்ளை எனக்கு யாரோ ஆகிவிடுவாள், அதுவும் எனக்கு வலிக்காது என்ற பயம். அன்றிலிருந்து கைக்காக ஜெபிப்பதை விட்டுவிட்டேன். "ஆண்டவரே, எனக்கு வலிக்கட்டும்," என்று கேட்டேன். அப்படி ஒரு ஜெபத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கையைக் குத்திப் பார்த்தார்கள், மெசினில் வைத்துப் பார்த்தார்கள். நரம்பில் பழுது இல்லை என்றார்கள். மனசுக்குப் பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுச் சிங்களப் பெண். உடைந்த தமிழில் பொறுமையாகக் கேட்டார். எப்போது அழுதேன் என்று கேட்டார். அழவில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. மூச்சப் பாருங்க. என்ன வருதோ பாருங்க. பாவனா மாதிரி," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் எழுந்துவிட்டேன். பாவனா என்றால் புத்தர் கோயிலில், பன்சலையில், வெள்ளை உடுத்திக்கொண்டு செய்கிற தியானம். கையைக் காட்டப் போன இடத்தில் மதம் மாறச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். அடுத்த தேதி எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள் அடுத்த கிளினிக்குக்குப் போகவில்லை. பாவம் அந்தப் பிள்ளை. ஓர் எஸ்தர் வருவாள் என்று காத்திருந்திருக்கும்.

பாஸ்டரம்மாவிடம் இதை ஒரு முறைப்பாடாகத்தான் கொண்டுபோனேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டார். "சும்மா உக்காந்திருக்கிறது எந்த மதத்துக்குச் சொந்தம், தங்கச்சி? ஆண்டவருக்கு முன்னால உக்காரு. நானும் வாரேன். இந்த வீட்டுல எனக்கும் பேசிப் பேசி அலுத்துப்போச்சு," என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. புதன்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு நானும் அவரும் சபைக்குள் போய்ப் பாய் விரித்து உட்காருவோம். தகரக் கூரை. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, கையைத் தூக்குவது இல்லை. மற்ற நாட்களில் என் காம்பராவில் தனியாக உட்கார்ந்தேன். முதலில் தலைக்குள் சந்தை இரைச்சல். அதற்குப் பிறகு தூக்கம். பாஸ்டரம்மாவே ஒருநாள் குறட்டை விட்டார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். பிறகு இரைச்சலும் போய், தூக்கமும் போய், ஒன்றுமே இல்லை. மூச்சு வந்தது, போனது. ஆண்டவர் அங்கே இருந்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பாடியவள், சாட்சி சொன்னவள், ஸ்தோத்திரம் சொன்னவள் எல்லாரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். உள்ளே ஆளே இல்லாத வீடு.

ஒருநாள் மலையில் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த காமாட்சி என்னையே பார்த்தாள். "ஏண்டி, என்னா மொனகுற?" என்றாள். நான் ஒன்றும் முனகவில்லையே என்றேன்.

"இல்ல, கொஞ்ச நாளாவே மொனகுற. ஒப்பாரி மெட்டு. நீ கொழுந்து எடுக்கிறதே அந்த மெட்டுக்குத்தான்," என்றாள்.

வாயை மூடிக்கொண்டு கவனித்தேன். உண்மைதான். நான் வாயை மூடினாலும் கை அந்தத் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு. என் அம்மா பாடுகிற மெட்டு. அன்று புதன்கிழமை உட்கார்ந்தபோது, அமைதி வந்தவுடனே அது மூக்குக்குள் எழும்பியது. நான் விட்டுவந்த பழைய வாழ்க்கை பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். இயேசுவின் நாமத்தில் போ என்று அதைக் கடிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் சொல்லித் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னேன். சபையே எழுந்து நின்று சத்தமாக ஜெபித்தது. முனகல் நின்றது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அடுத்த நாள் எழுந்தபோது கை முழங்கை வரை செத்திருந்தது. ஜாக்கெட்டின் கொக்கியைப் போட முடியவில்லை. காமாட்சி வந்து போட்டுவிட்டாள்.

பாஸ்டரம்மா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். கடைசியில், "அதத் தொரத்தாத, எஸ்தர். என்னா வேணும்னு கேளு. ஆண்டவருக்கு முன்னாலதானே வருது, வேற எங்கயும் போகலியே. அவரும் அழுதவருதான்," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வேறு வழி இல்லாமல்தான் உட்கார்ந்தேன். பல வாரங்கள் ஒன்றும் வரவில்லை. விரட்டியது லேசில் திரும்பி வருமா? கூப்பிடவும் எனக்குத் தெரியவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு புதன்கிழமை, வெளியே தூறல். என் வாய் தானாகத் திறந்தது.

"சங்கு ஊதி நேரமாச்சே, என் ராசா, சாப்பிட நீ வரலியே.
சுட்ட ரொட்டி காஞ்சிருச்சே, என் ராசா, பிச்சுத் திங்க ஆளில்லையே."

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வரிகளை நான் யோசிக்கவில்லை. அந்தக் காலையில் நான் சுட வைத்திருந்த மாவு என்ன ஆனது என்று அதுவரை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்குள் யாரோ ஒருத்தி அதை அத்தனை நாளும் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறாள். மேல் மனசு பாட்டுப் பாடி, சாட்சி சொல்லி, பேர் வாங்கியது. அடிமனசு இருட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று முகம் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த என் கைதான் செத்துக்கிடந்தது. அன்றைக்கு இரண்டும் ஒரே பாயில், ஒரே ஆண்டவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. இதை விளக்க எனக்கு வேறு படிப்பு இல்லை.

கண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான் வந்தது. பெரிதாக வந்தது வலி. ஆறி மாதக்கணக்கான உள்ளங்கைத் தழும்பு அன்றைக்குத்தான் சுட்ட மாதிரி எரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தேன். பாஸ்டரம்மா பயந்துபோய் என்ன என்று கேட்டார். "எரியுது, பாஸ்டரம்மா. எரியுது," என்றேன். அவர் ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், என்னைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த லீவு நாளில் ஹாலிஎலக்குப் போனேன். பஸ்ஸில் இருக்கும்போது மறுபடியும் மரத்துவிட்டது. பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. போய் என்ன சொல்வேன்? ஷீலா வீட்டு வாசலில் கெசியா பள்ளிச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். தலை படிய வாரியிருந்தது. என்னைப் பார்த்து, "வாங்கம்மா," என்று விருந்தாளியைக் கூப்பிடுவதைப் போல மரியாதையாகச் சொல்லிவிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

அந்தக் கதிரையில் என்னால் உட்கார முடியவில்லை. வாசற்படியிலேயே சரிந்துவிட்டேன். அப்போதுதான் வந்தது. சபையில் வராதது, சாவு வீட்டில் வராதது எல்லாம் அங்கே வந்தது. அவர் பேரைச் சொல்லி, அந்த மெட்டில், தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். ஷீலா உள்ளே இருந்து ஓடி வந்தாள். அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அவளுக்கும் அண்ணன்தானே.

கெசியா கையில் சப்பாத்தோடு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அத்தனை மாதம் என் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. அவளுடைய அப்பா போன நாளிலிருந்து என் பிள்ளை ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. சாவு வீட்டில் நான் பாடியபோது அவளும் என் பக்கத்தில் நின்று பாடினாள். ஒரு வரி பிசகாமல் பாடினாள்.

"வா," என்று கையை நீட்டினேன். வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சப்பாத்தைக் கவனமாகக் கீழே வைத்தாள். "அப்பாவுக்குக் குளிரும்ல," என்றாள். "அன்னைக்கு மழை பேஞ்சுச்சே. மண்ணுக்குள்ள குளிரும்ல."

அதற்குப் பிறகு அவள் அழுததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். அந்தச் சின்ன உடம்பு குலுங்கியதை என் வலது கை முழுக்க உணர்ந்தது.

என் சாட்சி இவ்வளவுதான். கை முழுவதும் குணமாகிவிட்டது என்று சொல்லி முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு விரல் இன்னும் மந்தம்தான். சில நாட்கள் விடியும்போதே எல்லாம் மரத்துக் கிடக்கும். அந்த நாட்களில் அதிகமாக உட்காருவேன். டொக்டர் பிள்ளையிடமும் திரும்பப் போனேன். என்னை ஏசாமல், எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்டார். சபையில் ஒப்பாரி கூடுமா கூடாதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். ஆனால் போன மாதம் ஒரு சாவு வீட்டில் என் அம்மா பாடத் தொடங்கியபோது பாஸ்டர் குறுக்கே போகவில்லை. பாடி முடிக்கும் வரை தலைகுனிந்து நின்றிருந்தார்.

உங்களில் யாருக்காவது அழ வேண்டிய இடத்தில் அழுகை வராமல் போயிருந்தால், அதைப் பலம் என்று மற்றவர்கள் மெச்சியிருந்தால், புதன்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறோம். ஜெபிக்கத் தெரிய வேண்டாம். விசுவாசம் குறைவு என்றாலும் பரவாயில்லை, எனக்கும் குறைவுதான். பாய் இருக்கிறது. உள்ளே இருந்து எது வந்தாலும் வரட்டும் என்று உட்காருங்கள். ஆண்டவர் அதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். எனக்குச் சுளிக்கவில்லை.

கெசியா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எங்களுக்கு மேட்டில் வேறு இடத்தில் காம்பரா கிடைத்திருக்கிறது. நேற்றுக் காலையில் ஏதோ ஒன்றுக்கு என்னோடு கோபித்துக்கொண்டு, சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வந்து சேரும் வரை மலையில் எனக்கு வேலை ஓடவில்லை, நாள் முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.